ரோட்டு மட்டம்

கொத்தனாருக்கு ஊரில் ரசமட்டம் என்று பெயர். சுவரும் தரையும் சரியாக இருக்கிறதா என்று வைத்துப் பார்ப்பார்களே, நடுவில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயும் அதற்குள் ஒரு குமிழியும் இருக்குமே, அந்தச் சாமான்தான் ரசமட்டம். மற்ற கொத்தனார்கள் வேலை முடிந்ததும் அதைச் சாமான் பைக்குள் போட்டுவிடுவார்கள். இவர் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் மேசைமேல் அதை வைப்பார், குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்ப்பார், உங்கள் மேசை இடது பக்கம் சாய்கிறது என்று அறிவித்துவிட்டுத்தான் டீயைக் கையில் எடுப்பார். முப்பது வருஷத்தில் அவர் வைத்த கல் ஒன்று கோணல் என்று யாரும் விரல் நீட்டியதில்லை. பேச்சு விஷயத்தில் அந்த அளவுக்கு உத்தரவாதம் கிடையாது.

பேச்சு என்றால், தங்கைக்குக் கொடுத்த பேச்சு. அவர்களுடைய அப்பா செங்கல் அறுத்தவர். ரோட்டோரமாக ஒரு பெரிய மனையை வாங்கி, ஒரு பாதியைத் தோண்டி, அந்த மண்ணில் செங்கல் அறுத்து, மறு பாதியில் வீட்டைக் கட்டினார். மிச்சச் செங்கல் அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்குப் போனது. ஆகக்கூடி வீட்டுக்கு எதிரே பன்னிரண்டடி ஆழத்துக்கு, ஒரு பள்ளிக்கூடத்தையே உள்ளே இறக்கி வைக்கலாம் போல ஒரு குழி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. செங்கல் சுமந்து வர வசதியாக இருக்கட்டும் என்று வீட்டு வாசலையும் அப்பா குழியைப் பார்த்தே வைத்திருந்தார். படுக்கையில் விழுந்த பிறகு அவர் பிள்ளைகள் இருவரையும் கூப்பிட்டு, வீடு அண்ணனுக்கு, எதிர்ப் பாதி தங்கைக்கு என்று சொன்னார். சொன்னதோடு சரி. மனை முழுவதும் மகன் பெயரில்தான் பத்திரமாகியிருந்தது.

அப்பா போன பிறகு தங்கை கேட்டாள். கொத்தனார் இல்லையென்று சொல்லவில்லை. இல்லையென்று சொல்ல அவர் என்ன கெட்டவரா? தங்கை மேல் பாசம் உள்ளவர்தான். ஆனால் கையில் இருப்பதைப் பிரித்துக் கொடுப்பது என்று வரும்போது பாசம் கொஞ்சம் நிதானமாகத்தான் நடக்கும்.

"குழிய வச்சுக்கிட்டு நீ என்னம்மா பண்ணப்போற?" என்றார். "மூடி மட்டமாகட்டும். மறுநாளே எழுதித் தரேன்."

யார் மூடுவது என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஏழு வருஷம் ஓடியது. நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்ளும்போதெல்லாம், குழி அப்படியே இருக்கிறதே என்று அவர் வருத்தமாகத் தலையை ஆட்டுவார். அந்த வருத்தத்தைப் பார்த்தால் யாருக்கும் மனசு இளகிவிடும்.

தங்கையும் அவள் புருஷனும் வாடகைக்கு டிராக்டர் ஓட்டிப் பிழைத்தவர்கள். புருஷனுக்கு முதுகு பிடித்துக்கொண்டதிலிருந்து ஸ்டியரிங்கைத் தங்கையே பிடித்தாள். குடியிருந்ததோ வண்டி நுழைந்தால் சைக்கிள் நுழைய முடியாத ஒரு சந்து. வருஷக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யுங்கள், டிராக்டரை வாசலில் நிறுத்துகிறவர்களோடு இனி மல்லுக்கட்ட முடியாது என்று வீட்டுக்காரர் தீர்த்துச் சொல்லிவிட்டார். டிராக்டரும் டிரெய்லரும் நிற்க ஒரு கொட்டகை, பக்கத்திலேயே படுக்க ஒரு அறை, இவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. அதற்கு இடம் அப்பா கொடுத்தது இருக்கிறது. ஆனால் பன்னிரண்டடி கீழே இருக்கிறது.

கோடை முடிந்த ஒரு காலையில் அவள் டிராக்டரோடு வந்து அண்ணன் வாசலில் நிறுத்தினாள். டவுனில் ஒரு பெரிய கட்டிடத்துக்கு அடித்தளம் தோண்டுகிறார்கள், எடுத்த மண்ணைக் கொட்ட இடமில்லாமல் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்கள், வாடகை ஓட்டம் போக மிச்ச நேரத்தில் அந்த மண்ணைக் கொண்டுவந்து குழியை மூடிவிடப்போகிறேன் என்றாள். கொத்தனார் வாயில் வைத்திருந்த டீ வாயிலேயே நின்றது.

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். நீளம், அகலம், ஆழம், ஒரு டிரெய்லருக்கு எவ்வளவு மண். ஐந்நூறு லோடுக்குக் குறையாது. ஒற்றை டிராக்டர், ஒற்றைப் பொம்பளை. முடிகிற காரியம் இல்லை என்று தெரிந்ததும் டீ உள்ளே இறங்கியது. இறங்கியதோடு விட்டிருக்கலாம். நாக்கில் சனி உட்கார்ந்தால் யார் என்ன செய்ய முடியும்? கொஞ்சம் கூடுதல் பந்தோபஸ்து இருக்கட்டும் என்று தொழில் பாஷையில் ஒரு வார்த்தை சேர்த்துவிட்டார்.

"மூடுறதுன்னா சும்மா மண்ண நிரப்பிட்டுப் போறது இல்ல. ரோட்டு மட்டத்துக்கு வரணும். அதுதான் மட்டம்."

விஷயம் என்னவென்றால், அந்த ரோடு மனையைவிட மூன்றடி உயரம். அப்பா வீடு கட்டிய காலத்தில் மனையும் ரோடும் ஒன்றாகத்தான் இருந்தன. பிறகு ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழசைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு அது வளர்ந்துவிட்டது. வீட்டின் தரையே மனையிலிருந்து ஒன்றரையடிதான் தூக்கல். ரோட்டு மட்டம் என்றால் குழியை மூடியது போக மேலே இன்னும் மூன்றடி. நூறு லோடாவது கூட வேண்டும். தங்கைக்கு அந்தக் கணக்கு தெரியாமலில்லை. ஒரு நிமிஷம் ரோட்டைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள். பிறகு சரி என்று சொல்லி, மட்டத்துக்கு ஒரு குறி வைத்துக் கொடுக்கச் சொன்னாள்.

கொத்தனார் தண்ணீர் நிரப்பிய நீள பிளாஸ்டிக் டியூபை, இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்குமே அதை, ரோட்டோரத்துக் கல்லிலிருந்து இழுத்துப் பிடித்து, குழி ஓரத்தில் நாலு மூலையிலும் நாலு கம்பு நட்டு, ரோட்டு மட்டத்துக்குச் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தார். ஒரு நூல் பிசகவில்லை. கோட்டைப் பார்த்த அவர் மனைவி வாசல்படியில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, மழை பெஞ்சா நம்ம வாசத் தண்ணி இத்தனை வருஷமா அந்தக் குழிக்குள்ளதான போகுது. இனிமே எங்க போகும்?"

மூடினால்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் மெதுவாகச் சொன்னார். அந்த வீட்டுக்குள் ஒரு மழையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை. அது, தான் முற்றத்தில் தண்ணீர் ஓட எடுத்துக் கொடுத்த வாட்டத்தின், அந்தச் சரிவின், மகிமை என்று அவர் நம்பினார். வாட்டம் குழியைப் பார்த்து இருந்தது என்பதை அவர் மறந்துபோனார். தொழிலில் கொட்டை போட்டவர்கள் இப்படித்தான் மறப்பார்கள், மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை.

தங்கை ஆரம்பித்தாள். காலையில் நாலு நடை, வாடகை ஓட்டம், சாயங்காலம் நாலு நடை. டிரெய்லரைப் பின்பக்கமாகக் குழி விளிம்புக்கு ஓட்டிவந்து கவிழ்ப்பாள். மண் பொத்தென்று விழும். பிறகு டிரெய்லரைக் கழற்றிவிட்டு, டிராக்டர் முதுகில் இரும்புப் பலகையை மாட்டி, விளிம்பில் கிடப்பதை உள்ளே தள்ளுவாள். கட்டி கட்டியாக மண், இடையிடையே உடைந்த கான்கிரீட். எல்லாம் ஒரே மூலையில் குவிந்தது.

கொத்தனார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்குச் சந்தோஷம் வந்தது. இப்படிக் கொட்டிய மண் உள்ளே பொந்தும் போறையுமாகத்தான் இருக்கும். மேலே எவ்வளவு அழகாக நிரவினாலும் முதல் மழைக்கே இரண்டு முழம் இறங்கிவிடும். இறங்கினால் மட்டம் போச்சு. மட்டம் போனால் பத்திரமும் போச்சு. இவர் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும்.

ஆனால் சும்மா உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு லோடு விழும்போதும் அவர் கால் விரல் சுருங்கும். ஐந்தாம் நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஏழாம் நாள் நாற்காலியை வேறு பக்கம் திருப்பிப் போட்டார். காது கேட்டுத் தொலைத்தது. ஒன்பதாம் நாள் ஆளுயரக் கான்கிரீட் துண்டு ஒன்று சரிந்து, அதற்கடியில் ஒரு ஆடு படுத்துக்கொள்ளும் அளவு பொந்து விட, அதன் மேலேயே தங்கை மண்ணைத் தள்ளினாள். அவ்வளவுதான், கொத்தனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டார்.

"நிறுத்து வண்டிய. இதுக்குப் பேரு மூடுறதா? குப்பை கொட்டுறது."

தங்கை இஞ்சினை அணைத்தாள். எப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் திரும்பி வந்திருந்தால் கதை வேறு. அவரால் முடியவில்லை. முப்பது வருஷம் அடித்தளம் போட்டவரின் வாய் அது, சொத்தா தொழிலா என்று நின்று யோசிக்க அதற்குத் தெரியாது. கான்கிரீட்டை உடைத்து அடியில் பரப்பு, மண்ணை ஓரடிக்கு மேல் ஒரே தடவையில் போடாதே, தண்ணீர் விடு, ஊறட்டும், மறுநாள் டிராக்டர் சக்கரத்தை இஞ்சுக்கு இஞ்சு மேலே ஏற்று, சக்கரம் போகாத மூலையில் திமிசுக்கட்டையால் இடி, அதற்கப்புறம் அடுத்த ஓரடி என்று மூச்சுவிடாமல் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் தன் காலைத் தானே வாரிக்கொண்டது உறைத்தது. மேலே ஏறி வந்து மனைவியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார்.

மறுநாள் காலை தங்கை தண்ணீர்த் தொட்டியோடு வந்தாள். அவர் பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தார். ஒரு அடுக்கு முடிந்ததும், சரியாக இறுகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு போனார். கம்பியை ஓங்கிக் குத்தினால் நாலு விரலுக்கு மேல் இறங்கக்கூடாது. ஓரிடத்தில் ஒரு முழம் இறங்கியது. அந்த இடத்தைத் தோண்டி மறுபடி போடச் சொன்னார். தங்கை முகம் சுளிக்கவில்லை, தோண்டினாள், போட்டாள், ஏற்றினாள்.

அதிலிருந்து ரெண்டு மாசம், கூலி இல்லாத வேலைக்கு அவர் நேரம் தவறாமல் போனார். ஏழு மணிக்கெல்லாம் கம்பியோடு குழிக்குள் நிற்பார். வெளிவேலைக்குக் கூப்பிட வந்தவர்களை அடுத்த மாசம் வரச் சொன்னார். தங்கை வண்டி ஓட்டும் லாவகத்தை, பலகையை ஒரு விரல் தூக்கி ஒரு விரல் இறக்கி அவள் மண்ணைச் சீவிக்கொண்டு போவதைப் பார்த்து, நம் அப்பா கைதான் இவளுக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஒரு நாள் அதை வாய்விட்டும் சொல்லிவிட்டார். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றாள். அந்த ரெண்டு மாசமும் கொத்தனார் சந்தோஷமாக இருந்தார். அதுதான் வெட்கக்கேடு.

ராத்திரி படுத்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். குழி அடி அடியாக மேலே வந்துகொண்டிருந்தது. பாதிக்கு வந்தது, விளிம்புக்கு வந்தது, விளிம்பைத் தாண்டிச் சிவப்புக் கோட்டை நோக்கி எழும்பியது. மனைவி வாசல்படியில் உட்கார்ந்து அரிசி பொறுக்கும்போது முன்பெல்லாம் ரோட்டில் போகிற பஸ் தெரியும். இப்போது எதிரே மண்சுவர்தான் தெரிந்தது. படியிலிருந்து மூன்று முழம் தள்ளி, இடுப்புயரத்துக்குத் தங்கையின் தரை நின்றது. மனைவி கொத்தனாரைப் பார்த்தாள். அவர் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடைசி லோடு விழுந்த அன்று நாலு கம்பிலும் சிவப்புக் கோடும் மண்ணும் ஒன்றாக நின்றன. அவர் ரசமட்டத்தை எடுத்து நீளப் பலகை மேல் வைத்து அங்கே பார்த்தார், இங்கே பார்த்தார். குமிழி நடுவிலேயே நின்று தொலைத்தது. தங்கை பக்கத்தில் வந்து நின்றாள். வருஷக் கடைசிக்கு மூன்று மாசம் இருந்தது. எப்போது எழுதலாம் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் நின்றதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"புது மண்ணும்மா. ஒரு மழைக்காலம் தாண்டணும். மழைக்கு அப்புறமும் ரோட்டு மட்டத்துல நின்னா அன்னிக்கே எழுதிடறேன். இதுதான் முறை. யார வேணாலும் கேட்டுப் பாரு."

முறைதான். அதில் குற்றம் சொல்ல முடியாது. அவர் சாக்குகள் எல்லாமே தொழில் சுத்தமானவை. தங்கை தரையை ஒருமுறை காலால் மிதித்துப் பார்த்தாள். பிறகு, "நீ சொன்ன மாதிரிதான் போட்டிருக்கேண்ணே. இறங்காது" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போனாள்.

மழை ஐப்பசியா கார்த்திகையா என்று பார்க்காமல் அந்த வருஷம் முன்கூட்டியே வந்தது. ரெண்டு நாள் விடாமல் கொட்டியது. முதல் நாள் கொத்தனார் ஜன்னலோரம் உட்கார்ந்து, தங்கையின் தரை எங்கேயாவது குழிகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். குழிய வேண்டும் என்று பாதி மனசும், நான் சொல்லிப் போட்ட மண் எப்படிக் குழியும் என்று மீதி மனசும். இரண்டாம் நாள் காலை கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தார். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது.

ஒரு பக்கம் ரோடு உயரம், இன்னொரு பக்கம் தங்கையின் நிலம் அதே உயரம், மற்ற இரு பக்கமும் அண்டை வீட்டு மதில். நடுவில் வீடு. முப்பது வருஷமாகக் குழி குடித்த தண்ணீர் எல்லாம் வாட்டம் பார்த்து, முற்றத்தில் தேங்கி, படியேறி, அப்பா வைத்த வாசல் வழியாக மரியாதையாக உள்ளே வந்துகொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் முழங்காலைத் தொட்டது. செருப்பும் சொம்பும் வீட்டுக்குள் மிதந்து திரிந்தன. மனைவி சாமான்களைக் கட்டில் மேல் ஏற்றிக்கொண்டே இருந்தாள். அன்று கேட்ட கேள்வியை அவள் மறுபடி கேட்கவில்லை. அந்த அளவுக்கு நல்லவள்.

தகவல் போய் தங்கை டிராக்டரோடு வந்தாள். ரோட்டிலிருந்து நேராகத் தன் தரைக்கு ஏற்றி, வீட்டு வாசலுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தினாள். அத்தனை கனமான வண்டிக்கு அந்த ஈர மண் ஒரு விரல்கூட அமுங்கவில்லை. சாமான்களையும் அண்ணியையும் டிரெய்லரில் ஏற்றினாள். கொத்தனார் கடைசியாக வந்தார். கையில் தண்ணீர் டியூப் இருந்தது.

"இப்ப எதுக்குண்ணே அது?" என்றாள் தங்கை.

கொத்தனார் மழையில் நனைந்துகொண்டே டியூபின் ஒரு முனையை ரோட்டோரக் கல்லில் பிடிக்கச் சொன்னார். மறுமுனையைத் தானே நாலு மூலைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தார். நாலிலும் ஒரே மட்டம், நூல் பிசகவில்லை. தன் வீட்டுக்குள் தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கும்போதும் ஒரு நிமிஷம் அவர் முகத்தில் பெருமை வந்து போனது. பிறகு அவர் தங்கையின் தரையில் நின்றபடி தன் வீட்டைப் பார்த்தார். ரொம்பக் கீழே தெரிந்தது. அழுகை வந்துவிட்டது. மழையாக இருந்ததால் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டார், தங்கைக்குத் தெரிந்தது.

அந்த வாரமே பத்திரம் எழுதிக் கொடுத்தார். பேனாவை வைத்துவிட்டு, தண்ணீர் போக அவள் நிலத்தில் ஒரு வாய்க்கால் வெட்டிக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தாராளமாக வெட்டிக்கொள்ளலாம், ஆனால் ரோடு மேட்டில் இருக்கிறதே, தண்ணீர் எங்கே போகும் என்று தங்கை கேட்டாள். அது கொத்தனாருக்கே தெரியும். வேறு வழியில்லை. முற்றத்தையும் வீட்டுக்குள் தரையையும் மண் போட்டு உயர்த்த வேண்டியதுதான்.

மழை விட்டதும் தங்கை முதல் லோடைக் கொண்டுவந்து அண்ணன் வாசலில் கவிழ்த்தாள். இறங்கி வந்து, கையைத் தட்டிக்கொண்டே, கிண்டல் துளியும் இல்லாமல், வேலைக்காரி கொத்தனாரிடம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"மட்டம் எங்க இருந்துண்ணே எடுக்கணும்?"

கொத்தனார் சட்டைப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார்.

"ரோட்டுல இருந்து," என்றார்.

ஓரடி ஓரடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்து, வீட்டுக்குள் தரையை ரெண்டடி தூக்கினார்கள். ரோட்டு மட்டத்துக்கு மேல் அரையடி, முறைப்படி. தண்ணீர் இனி வராது. தரை அத்தனை நேர்த்தி, குமிழி அசைவதில்லை. ஒரே ஒரு சங்கடம். அப்பா வைத்த ஆறரை அடி வாசல் இப்போது நாலரை அடி. மேலே உத்திரம் உட்கார்ந்திருப்பதால் சட்டென்று கை வைக்க முடியாது, வேலை கொஞ்சம் ஓயட்டும், அப்புறம் வாசலைத் தூக்கிவிடலாம் என்று கொத்தனார் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லி ரெண்டு வருஷம் ஆகிறது.

தங்கை எதிரே கொட்டகை போட்டு, அறை கட்டிக் குடிவந்துவிட்டாள். கட்டிக் கொடுத்தவர் அண்ணன்தான். தினமும் காலையில் அவள் டிராக்டரைத் துடைத்துக்கொண்டிருக்கும் நேரத்துக்கு எதிர்வீட்டுக் கதவு திறக்கும். கொத்தனார் இடுப்பை வளைத்து, தலையைத் தாழ்த்தி, தங்கை இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவது போல வெளியே வருவார். அவளும் தினமும் துணியை அப்படியே விட்டுவிட்டு, பதறிப்போய்ச் சொல்வாள்.

"பாத்துண்ணே, தலை."